செட்டைப் பிரியுங்கள், வரைபடத்தை விட்டுவையுங்கள்

1988-இல் வெளியான 'வீடு' படத்துக்காகப் பாலு மகேந்திரா செட் போடவில்லை, உண்மையாகவே ஒரு வீட்டைக் கட்டினார். படத்தில் பாதியில் நின்றுபோகும் அந்தக் கட்டடம் பின்னாளில் அவருடைய அலுவலகமாயிற்று. அதன் பிறகு அவர் நடத்திய சினிமாப் பள்ளியும் அங்கேதான் நடந்தது. தமிழ் சினிமா எழுப்பிய சாமானிய வீடுகளில் இப்படி நின்று நிலைத்த இன்னொன்றை எனக்குத் தெரியாது. மற்றவை எல்லாம் கடைசி ஷாட் முடிந்த கையோடு பிரிக்கப்பட்டன. பிளைவுட் ஒரு லாரியில் போனது, சவுக்குக் கம்பு இன்னொரு லாரியில் போனது, உடைந்த பிளாஸ்டர் குப்பைக்குப் போனது.

செட்டைப் பிரிப்பதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. பிரிக்கத்தான் வேண்டும். அடுத்த படத்துக்கு இடம் வேண்டும், வாடகை ஓடிக்கொண்டிருக்கும். என் வருத்தம் வேறு. அந்த வீட்டைப் போடுவதற்காக நாங்கள் எடுத்த அளவுகள், வரைந்த பிளான், பிடித்த புகைப்படங்கள் எல்லாமும் செட்டோடு சேர்ந்தே போய்விடுகின்றன. அவை போகக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சினிமாவில் உதவி கலை இயக்குநராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். வெளியில் இருப்பவர்களுக்கு எங்கள் வேலை என்றால் அரண்மனை, பாட்டுக்கு வண்ண வண்ணமாகப் படிக்கட்டு, பிரம்மாண்டக் கோயில் கோபுரம் என்றுதான் நினைவுக்கு வரும். அவை சிரமம்தான், மறுக்கவில்லை. ஆனால் அரண்மனையில் ஒரு தூணைக் கூடுதலாக வைத்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை. பார்ப்பவர்களில் யார் அரண்மனையில் குடியிருந்தவர்? மேற்கு மாம்பலத்தில் மூன்று போர்ஷன் உள்ள ஒரு வாடகை வீட்டைப் போடும்போதுதான் உண்மையான பரீட்சை. மீட்டர் பெட்டி ஓரடி தள்ளியிருந்தால் தியேட்டரில் பாதிப் பேருக்கு உறுத்தும். ஏன் உறுத்துகிறது என்று அவர்களுக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் அந்தக் கதையை அவர்கள் நம்புவது அங்கேயே நின்றுவிடும்.

அதனால் வேலை தெருவில்தான் தொடங்கும். கதை நடக்கும் பகுதியைச் சொல்லிவிடுவார்கள்: நங்கநல்லூர், அம்பத்தூர், குரோம்பேட்டை, வியாசர்பாடி. டேப், நோட்டு, கேமரா எடுத்துக்கொண்டு கிளம்புவோம். கதவைத் தட்டி, "சார், சினிமாவுக்கு அளவெடுக்கணும்" என்று சொன்னால் பெரும்பாலும் உள்ளே விட்டுவிடுவார்கள், காபியும் கொடுப்பார்கள். வீட்டுக்காரம்மா சமையலறையை மட்டும் கொஞ்சம் ஒழுங்குபடுத்திவிட்டுக் கூப்பிடுகிறேன் என்பார். ஒழுங்குபடுத்த வேண்டாம் அம்மா, இருக்கிறபடியே பார்க்க வேண்டும் என்று கெஞ்சுவோம். எங்களுக்குத் தேவை அந்த ஒழுங்கின்மைதான். சிலிண்டர் எந்தப் பக்கம் நிற்கிறது, மிக்சி வயர் எந்த பிளக்குக்குப் போகிறது, பரணில் கொலுப்படிப் பலகைகள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்பதெல்லாம்.

அறையின் நீள அகலம், நிலைவாசலின் உயரம், ஜன்னல் திண்டு தரையிலிருந்து எத்தனை அடி, சன்ஷேடு எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, மாடிப்படியின் ஒவ்வொரு படியும் எத்தனை அங்குலம் என்று எல்லாவற்றையும் குறித்துக்கொள்வோம். அறுபது, எழுபதுகளில் கட்டிய வீடு என்றால் சிவப்பு ஆக்ஸைடு தரை இருக்கும். அதற்குப் பின்னால் வந்ததில் மொசைக். வராந்தாவில் பூ வேலை செய்த சிமெண்ட் ஜாலி. வாசல் கிரில்லில் வீட்டுக்காரரின் இனிஷியலை வளைத்து வைத்திருப்பார்கள். கைப்பிடிச் சுவரில் வீடு கட்டி முடித்த வருஷத்தைச் சிமெண்டில் எழுதியிருப்பார்கள். இன்னும் பழைய வீடென்றால் மேலே மெட்ராஸ் டெரஸ், அதாவது தேக்குக் கட்டைகளின் மேல் சின்னச் செங்கல்லைக் குத்துவாட்டில் சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட தளம். கீழே படுத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தால் கட்டைகளின் வரிசை தெரியும். ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் உள்ள இடைவெளியையும் அளந்து எழுதுவோம்.

பிறகு அதையெல்லாம் ஸ்டுடியோ ஃப்ளோரில் எழுப்புவார்கள். ரீப்பர் சட்டம் அடித்து, அதன் மேல் பிளைவுட் வைத்து, சணல் கோணியை பிளாஸ்டரில் தோய்த்து ஒட்டி, இழைத்துப் பூசினால் சுவர். கேமரா போக வேண்டிய பக்கத்துச் சுவரைக் கழற்றி மாட்டும்படி விடுவோம். மேலே விளக்கு தொங்க வேண்டும் என்பதால் பல வீடுகளுக்குக் கூரையே இருக்காது. ஜாலியை அச்செடுத்து ஃபைபரில் வார்ப்போம். பிளைவுட் தரைக்குச் சிவப்பு பெயிண்ட் அடித்து, வார்னிஷ் பூசி, நடமாட்டம் உள்ள இடத்தில் மட்டும் பளபளப்பு வரும்படி துணியால் தேய்ப்போம். நிஜ வீட்டிலும் நடக்கும் வழிதான் மினுங்கும், கட்டிலுக்கு அடியில் தரை மங்கித்தான் கிடக்கும்.

இதில் நான் மிக மதிக்கும் வேலை ஏஜிங். புதுச் சுவரை முப்பது வருஷம் குடியிருந்த சுவராக்குவது. சாம்பல் கரைசல், காவிப்பொடி, டீ டிகாக்ஷன், கரித்தூள் எல்லாம் அந்த பெயிண்டர்களின் கையில் மருந்து போல அளவாகப் போய்விழும். சன்ஷேடின் இரண்டு முனையிலிருந்தும் மழைநீர் வழிந்த கறுப்புக் கோடு இறங்க வேண்டும், நடுவில் இறங்கக் கூடாது. ஸ்விட்ச் போர்டைச் சுற்றி விரல் அழுக்கு இருக்க வேண்டும், ஃபேன் ரெகுலேட்டருக்குக் கீழே கொஞ்சம் அதிகமாக. நிலைவாசலில் மஞ்சள் குங்குமம், அதற்கு அடியில் போன வருஷத்துக் குங்குமத்தின் மங்கல். காலண்டர் மாட்டியிருந்த இடத்தில் மட்டும் பழைய சுண்ணாம்பின் நிறம் சதுரமாகத் தெரிய வேண்டும்.

ஒருமுறை ஒரு தாத்தா பாத்திரத்துக்கான அறை. எங்கள் மூத்த பெயிண்டர் ஒருவர் வேலை முடிந்த பிறகும் கிளம்பாமல், ஈஸிசேரைச் சுவரோரம் போட்டு அதில் உட்கார்ந்தார். தலை எந்த உயரத்தில் சுவரைத் தொடுகிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டார். எழுந்து, நல்லெண்ணெயில் துளி பழுப்பு நிறம் கலந்து, பஞ்சால் அந்த இடத்தில் ஒற்றி ஒற்றி எடுத்தார். நடுவில் அடர்த்தி, ஓரத்தில் போகப்போக மங்கல். இருபது வருஷம் ஒருவர் அங்கே சாய்ந்து பேப்பர் படித்த கறை அது. அந்த நடிகர் வந்து உட்கார்ந்ததும் தலை தானாக அந்த இடத்தில் போய் நின்றது. இயக்குநர் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தக் கறை இருந்த பிளைவுட் துண்டு, செட் பிரித்த அன்று சதுர அடிக் கணக்கில் விலைபோயிற்று.

நம் சினிமாவில் இந்த மரபு நீளமானது. கே. பாலசந்தரின் 'எதிர் நீச்சல்' முதலில் மேடை நாடகம், 1968-இல் படம். ஒண்டுக் குடித்தன வீடும், அதன் மாடிப்படிக்கு அடியில் குடியிருக்கும் மாது என்ற இளைஞனும் இல்லையென்றால் அந்தக் கதையே இல்லை. நகரத்தில் வாடகைக்கு இருந்தவர்களின் வாழ்க்கை எத்தனை சதுர அடிக்குள் அடங்கியது என்பதை அந்த மாடிப்படிக்கடி சொல்லிவிடுகிறது. 1987-இல் 'நாயகன்' வந்தது. தோட்டா தரணி மும்பை தாராவியைச் சென்னை வீனஸ் ஸ்டுடியோவுக்குள் எழுப்பினார். தகரமும் மரமும் சாக்கடையும் சந்துமாக அவர் போட்ட அந்தக் குடியிருப்புக்குத் தேசிய விருது கிடைத்தது. கமல்ஹாசனுக்கும் பி.சி. ஸ்ரீராமுக்கும் அதே படத்துக்குக் கிடைத்த விருதுகளுக்குச் சமமாக அதையும் வைத்துப் பேச வேண்டும் என்பேன். தேசிய விருது அரண்மனைக்குப் போகாமல் குடிசைக்குப் போன நாள் அது. முப்பது ஆண்டுகள் கழித்து அதே தாராவி 'காலா'வுக்காகப் பூந்தமல்லிப் பக்கம் ஈ.வி.பி. வளாகத்தில் மறுபடியும் எழுந்தது, ராமலிங்கம் கலை இயக்கத்தில். அவரே 'சார்பட்டா பரம்பரை'க்கு எழுபதுகளின் வடசென்னையைப் போட்டார்.

இவற்றின் அசல் அளவுகள் ஒரே இடத்தில் இன்று யாருக்காவது கிடைக்குமா? நான் அறிந்தவரை அப்படி ஒரு பொது இடம் நம்மிடம் கிடையாது. படச்சுருளைக் காப்பாற்ற 1964-இல் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் வந்தது. பாட்டுப் புத்தகத்தையும் போஸ்டரையும் சேகரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். செட் வரைபடத்துக்கு வாரிசு இல்லை. பெரிய கலை இயக்குநர்கள் சிலர் தங்கள் ஓவியங்களைப் பத்திரமாக வைத்திருப்பார்கள், அது அவர்களின் தனிப்பட்ட அக்கறை. உதவியாளர்கள் எழுதிய அளவு நோட்டுகளை யார் வைத்திருக்கிறார்கள்? ஒரு தயாரிப்பு நிறுவனம் அலுவலகத்தைக் காலி செய்த நேரத்தில் நான் அங்கே போயிருந்தேன். சுருட்டி வைத்த டிரேசிங் ஷீட்டுகள் பழைய பேப்பர்காரரின் தராசில் இருந்தன. அவற்றில் பல வீடுகளுக்கு நானே டேப் பிடித்திருக்கிறேன். இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் வரைகிறார்கள் என்பதால் நிலைமை மாறிவிட்டதாக நினைக்க வேண்டாம். ஹார்ட் டிஸ்க் யார் வீட்டு அலமாரியிலோ கிடந்து, ஒருநாள் திறக்காமல் போகும். காகிதமாவது கிழிகிறவரை படிக்க முடிந்தது.

சினிமாக்காரர்களின் பழைய சாமான் விவகாரம் இது, ஊருக்கு என்ன என்று கேட்கலாம். ஊருக்குத்தான் முக்கியம். நாங்கள் அளந்த அசல் வீடுகளும் போய்க்கொண்டிருக்கின்றன.

நான் பார்த்து அளந்த தெருக்களில் இன்று நடந்துபோனால் அடையாளம் தெரியவில்லை. கே.கே. நகரிலும் நங்கநல்லூரிலும் மேற்கு மாம்பலத்திலும் தனி வீடுகள் ஒவ்வொன்றாகப் பில்டர் கைக்குப் போய், ஸ்டில்ட் பார்க்கிங்கும் மேலே வரிசையாக ஃப்ளாட்டுமாக எழும்புகின்றன. 2019-இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள் சாதாரணக் கட்டடங்களுக்கான எஃப்.எஸ்.ஐ.யை, அதாவது மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவை, 1.5-இலிருந்து 2 ஆக உயர்த்தின. அதே மனையில் கூடுதலாகக் கட்டலாம் என்றால் பழைய வீட்டை வைத்திருப்பவர் கணக்குப் போட்டுப் பார்க்கத்தானே செய்வார்? பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள், மூட்டுவலியோடு மாடி ஏற முடியவில்லை, மழைக்கு ஒழுகுகிறது. லிஃப்ட் உள்ள ஃப்ளாட்டுக்கு ஆசைப்படுகிறவரை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த வீடுகளை அருங்காட்சியகம் ஆக்கு என்று கேட்கவும் இல்லை.

ஆனால் பதிவாவது வேண்டாமா? சென்னையின் பாரம்பரியக் கட்டடங்கள் என்று நீதிபதி பத்மநாபன் குழுவின் பட்டியலில் நானூறுக்கும் மேற்பட்டவை இருக்கின்றன. நீதிமன்றம், கல்லூரி, ரயில் நிலையம், பெரிய பங்களா எல்லாம் இருக்கும். இருக்க வேண்டியவையே. ஆனால் இந்த நகரத்தில் பெரும்பாலானவர்கள் பிறந்து வளர்ந்து கல்யாணம் ஆகிப் போன வீடு எப்படி இருந்தது என்பதற்கு அங்கே சாட்சி இல்லை. குழாயடியும், பொதுக் கக்கூஸும், துவைக்கிற கல்லும், நடுவில் கிணறுமாக இருந்த ஸ்டோர் வீட்டின் தரைப்படத்தை நாளை ஒரு மாணவி தேடினால் எங்கே போவாள்? படத்தைப் பார் என்று சொல்லலாம். படத்தில் கேமரா காட்டியது மட்டும்தான் தெரியும். நாங்கள் அளந்தது முழு வீடு.

லண்டனில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கிழக்கு லண்டனில் குரோவ் ரோடில் ஒட்டியொட்டி இருந்த பழைய தொழிலாளர் வீடுகளை இடித்துப் பூங்காவாக்கிக்கொண்டிருந்தார்கள். கடைசியாக ஒன்று மிஞ்சியது. ரேச்சல் வைட்ரீட் என்ற சிற்பி அந்த வீட்டுக்குள் கான்கிரீட்டைச் செலுத்தி, அது இறுகியதும் வெளிச்சுவரை உரித்தெடுத்தார். அறைகளின் உள்வெளி கல்லாக நின்றது. கணப்பு அடுப்பின் குழி மேடாகவும், கதவின் பள்ளங்கள் புடைப்பாகவும் தெரிந்தன. 1993 அக்டோபர் கடைசியில் முடிந்த அந்தச் சிற்பத்துக்காக அவருக்கு டர்னர் பரிசு கிடைத்தது. 1994 ஜனவரி 11 அன்று அதை இடித்தும்விட்டார்கள். நின்றது சில வாரங்கள்தான். ஆனால் அதை எடுத்த விதம் முழுக்கப் புகைப்படமாகவும் படமாகவும் புத்தகமாகவும் இருப்பதால் இன்றைக்கும் உலகெங்கும் கட்டடக்கலை மாணவர்கள் அந்த வீட்டைப் படிக்கிறார்கள். அதே நகரத்தில் 2004-இல் டேட் பிரிட்டன் கூடத்துக்குள் மைக்கேல் லாண்டி, இல்ஃபோர்டு புறநகரில் இருந்த தன் பெற்றோரின் வீட்டு முகப்பையும் பின்புறத்தையும் அச்சு அசலாக முழு அளவில் எழுப்பினார். வேலையில் அடிபட்டு வீட்டோடு முடங்கிய தகப்பனாருக்கான காணிக்கை அது. கண்காட்சி முடிந்ததும் அதையும் அகற்றினார்கள்.

இந்த இரண்டையும் படித்தபோது எனக்குப் பெருமையாகவே இருந்தது. லாண்டி செய்த வேலையை எங்கள் கார்ப்பெண்டர்களும் மோல்டர்களும் பெயிண்டர்களும் பல தலைமுறையாக, மாதம் தவறாமல் செய்துவருகிறார்கள். வியாசர்பாடி வீட்டின் முகப்பை ஓட்டோடும் ஒழுகலோடும் பத்து நாளில் எழுப்பித் தருகிற கை அவர்களுடையது. குறைவது கலை இல்லை, பதிவு.

தயாரிப்பாளர்கள் தயங்குவார்கள் என்று எனக்குத் தெரியும். செட் எங்கள் காசு, டிசைன் எங்கள் சொத்து, ஏன் வெளியே கொடுக்க வேண்டும் என்பார்கள். படம் வெளியாகும்வரை ரகசியம் நியாயம். வெளியான பிறகு அந்தப் பிளானில் என்ன வியாபாரம் மிச்சம் இருக்கிறது? ஒரு சாமானிய வீட்டின் வரைபடத்தைப் பார்த்து யாரும் உங்கள் படத்தைத் திருப்பி எடுக்கப்போவதில்லை. அளவெடுக்க அனுமதித்த வீட்டுக்காரரின் முகவரியை நீக்கிவிட்டுக் கொடுக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியும்படி உள்ள போட்டோவைத் தள்ளிவிடலாம். இதற்கெல்லாம் வழி இருக்கிறது.

தொடங்க வேண்டிய இடம் அரசு. தரமான சிறு முதலீட்டுப் படங்களுக்குத் தமிழ்நாடு அரசு மானியம் கொடுக்கிறது. அந்த விண்ணப்பத்தோடு கலைத்துறையின் வரைபடங்கள், அளவு நோட்டு, செட் புகைப்படங்களின் ஒரு பிரதியையும் தர வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். சிறந்த கலை இயக்குநருக்கான மாநில விருதுக்கு வருகிறவர்களிடமும் இதையே கேட்கலாம். வாங்கி வைக்க இடமும் இருக்கிறது. தரமணியில் எம்.ஜி.ஆர். பெயரிலான அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அதே தரமணியில் தமிழ் அச்சுப் பண்பாட்டைப் பேணிக்காக்கும் ரோஜா முத்தையா நூலகமும் இருக்கிறது, காகிதத்தை எப்படிப் பாதுகாப்பது என்று அவர்களுக்குத் தெரியும். பூந்தமல்லி பக்கம் நவீனத் திரைப்பட நகரம் வரும் என்று 2024-இல் அறிவித்திருக்கிறார்கள். அங்கே ஃப்ளோரும் ஹோட்டலும் கட்டும்போது இதற்கென்று ஓர் அறையும் ஒதுக்கட்டும். அதில் அந்த எண்ணெய்க் கறை போட்டவர்களின் பெயரும் எழுதப்பட வேண்டும். டைட்டில் கார்டில் அவர்களுக்குக் கிடைப்பது ஒரு நொடி, பல படங்களில் அதுவும் கிடையாது.

கட்டடக்கலைக் கல்லூரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பழைய கட்டடத்தை அளந்து வரையும் பயிற்சி உங்கள் பாடத்திட்டத்தில் இருக்கிறது. மாணவர்களைக் காரைக்குடிக்கும் கும்பகோணத்துக்கும் அழைத்துப்போகிறீர்கள், நல்லது. ஒரு வருஷம் மின்சார ரயிலில் ஏறிக் குரோம்பேட்டையில் இறக்கிவிடுங்கள். 1970-இல் ஒரு கிளார்க் தன் பி.எஃப். கடனில் கட்டிய ஆறு சதுரம் வீட்டை அளக்கட்டும். இரண்டு சுவர் அலமாரி, ஒரு பூஜை மாடம், பின்பக்கம் ஒரு முருங்கைக்கு விட்ட இடம் என்று ஒவ்வோர் அடிக்கும் அவர் யோசித்திருப்பார். காசு குறைந்த இடத்தில் எப்படி யோசிப்பது என்பதை அந்த வீடு கற்றுத்தரும் அளவுக்கு மாளிகை கற்றுத்தராது. எங்கள் துறையில் ஓய்வுபெற்ற கலை உதவியாளர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். எந்த அளவை எங்கே எடுக்க வேண்டும் என்று அவர்கள் சொல்லித்தருவார்கள்.

இதைப் படிக்கிறவர்களில் சிலர் வீட்டை பில்டரிடம் ஒப்படைக்கக் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். சாமான்களை ஏற்றுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குங்கள். பிள்ளைகளிடம் டேப்பைக் கொடுத்து அறை அறையாக அளக்கச் சொல்லுங்கள். ஒரு நோட்டில் கட்டம் போட்டு வரைந்து, வீடு கட்டிய வருஷத்தையும் மேஸ்திரியின் பெயர் நினைவிருந்தால் அதையும் எழுதுங்கள். ஒவ்வொரு அறையின் நான்கு சுவரையும், தரையையும், கூரையையும் போட்டோ எடுங்கள். அலமாரியை நகர்த்திய பிறகு அதன் பின்னால் உள்ள சுவரையும் எடுங்கள். அந்த நோட்டைப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள்.